கொங்காணி போட்ட முதுகு

ஓடைக்கரைப்பட்டி சாமித்துரைக்கு ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, முழங்கால் வலி மூன்றும் உண்டு. நான்காவதாகப் புகழும் உண்டு. முதல் மூன்றுக்குக் கோவில்பட்டியில் மாத்திரை கிடைக்கிறது. நான்காவதற்கு மருந்தே கிடையாது. முப்பத்தைந்து வருஷமாக அவரைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கிறது. அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். இப்போது எழுந்து நிற்கிற வயசுக்காரர்களுக்கு அவர் என்ன செய்தார் என்றே சரியாகத் தெரியாது. அப்பன் எழுந்து நின்றதைப் பார்த்துப் பிள்ளையும் நிற்கிறான், அவ்வளவுதான். அவரும் "உக்காருங்க, உக்காருங்க" என்று கையை அமர்த்துவார். ஆனால் எல்லோரும் முழுசாக எழுந்த பிறகுதான் அமர்த்துவார்.

அவர் என்ன செய்தார் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. உச்சி வெயில். ஓடைக்கரை. கரையோர மிளகாய்த் தோட்டத்தில் முரட்டு முத்துமணி என்கிற ரவுடி வீச்சரிவாளோடு வழியை மறிக்கிறான். சாமித்துரை ஒண்டிக்கு ஒண்டி நிற்கிறார். "மொத வெட்டு ஒன்னுது" என்று பெருந்தன்மையாக விட்டுக்கொடுக்கிறார். அந்த வெட்டுக்கு விலகி, தன்னுடைய முறைக்கு ஒரே வீச்சில் ஆளைச் சாய்க்கிறார். அப்புறம் ஓடைத் தண்ணீரில் அரிவாளைக் கழுவிவிட்டு, நடந்தே போய்ப் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை போடுகிறார். சித்திரை மாச உச்சி வெயிலில் கரிசக்காட்டு ஓடையில் கழுவத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் கேட்டதில்லை. வீரக்கதையில் அந்த மாதிரிக் கேள்வி கேட்பது மரியாதையில்லை.

இந்தப் புகழ் எந்த பஸ் ஏறியோ சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒருநாள் ஐஸ்வர்யா என்கிற பெண் இயக்குநர் வந்து இறங்கினாள். முப்பது வயதிருக்கும். வெயிலுக்குக் கறுத்த முகமும் செம்மண் நிறத்தில் கேன்வாஸ் ஷூவுமாக இருந்தாள். இதுதான் அவளுக்கு முதல் படம். வயதான ரவுடி ஒருவன் தன்னுடைய கடந்த காலத்தை நேருக்கு நேர் சந்திப்பதுதான் கதை என்று விளக்கினாள். சாமித்துரைக்கு அதில் என்ன கதை இருக்கிறது என்று விளங்கவில்லை. கடந்த காலத்தை அவர் தினமும் டீக்கடையில் சந்தித்துக்கொண்டுதான் இருந்தார். அதனால்தான் டீயே வந்தது.

அவரைக் கதை ஆலோசகராகப் போட்டார்கள். படத்தின் முதலிலேயே பெயர் வரும் என்றார்கள். சாமித்துரை அன்றைக்கே மீசைக்கு மை அடித்துக்கொண்டு வந்தார். அவர் மனைவி சந்தனமாரி வாசலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். "மீசைக்கு அடிச்சாச்சு. மூட்டுக்கு என்னத்த அடிக்கப் போறீங்க?" என்றாள். புருஷனின் எதையும் அவள் கேலி செய்யாமல் விட்டதில்லை, அந்தக் கதை ஒன்றைத் தவிர. அவரைக் கொல்ல வந்தவனைத்தான் அவர் கொன்றார் என்பதில் அவளுக்குக் கடுகளவும் சந்தேகம் கிடையாது. அந்த நம்பிக்கையில்தான் அவர் பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்த காலமெல்லாம் ஆடு மேய்த்துப் பிள்ளைகளை வளர்த்தாள். முத்துமணியின் பெஞ்சாதி வெயிலுகந்தம்மாளோடு ஒரே தெருவில், ஒரே குழாயடியில், ஒரு வார்த்தை பேசாமல் வாழ்ந்ததும் அந்த நம்பிக்கையில்தான். நம் புருஷனை வெட்ட வந்தவன் வீட்டோடு என்ன பேச்சு?

உண்மை என்னவென்றால், அன்றைக்கு வெயிலே இல்லை.

அது ஐப்பசி. காலையிலிருந்து விடாத தூத்தல். சாமித்துரை அப்போது கோவில்பட்டியில் ஒரு லாரி செட் முதலாளியிடம் கைத்தடியாக இருந்தார். முதலாளிக்கு எதிரி இன்னொரு லாரி செட்காரரான இசக்கிமுருகன். அவருக்கு ஓடைக்கரைப்பட்டியில் மிளகாய்த் தோட்டம் இருந்தது. இன்றைக்கு மிளகாய் பார்க்க வருவான், தோட்டத்தில் நிற்கிற ஆள் அவன்தான், முடித்துவிட்டு வா என்று முதலாளி சொல்லியனுப்பினார். சாமித்துரை அரிவாளை முதுகில் செருகிக்கொண்டு போனார். தோட்டத்தில் ஒருவர் குனிந்து நின்றார். தலையில் கொங்காணி. கோணிச்சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் திணித்துத் தலையில் மாட்டிக்கொள்வதுதான் கொங்காணி. கரிசக்காட்டில் மழைக்கு அதுதான் குடை. அதைப் போட்டுக்கொண்டால் பின்னாலிருந்து பார்க்கும்போது பண்ணையாரும் பண்ணையாளும் ஒன்றுதான். சமத்துவம் என்பது இந்தப் பக்கத்தில் தூத்தல் விழும்போது மட்டும்தான் வரும்.

வெட்டியபிறகு ஆள் திரும்பினார். சாக்கு சரிந்து முகம் தெரிந்தது. பக்கத்துப் புஞ்சைக்காரன் முத்துமணி. இசக்கிமுருகன் மழைக்குப் பயந்து ஊர்ப்பக்கமே வரவில்லை. அவருடைய மிளகாய்ச் செடிக்குள் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்துப் பாவப்பட்டு, முத்துமணி மண்வெட்டியோடு போய் வடியவிட்டுக்கொண்டிருந்தான். எவன் தோட்டத்தில் தண்ணீர் நின்றால் நமக்கென்ன என்று வீட்டில் படுத்திருந்தால் இன்றைக்கும் இருந்திருப்பான். விழுகிறபோது அவன் ஒன்று சொன்னான்: "அண்ணாச்சி, நாந்தான். முத்துமணி." பெயரைச் சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தது போல இருந்தது அந்தச் சொல்.

சாமித்துரை ஓடினார். மழையில் நனைந்த கரிசல் ஓடவிடாது. செருப்பில் அப்பி அப்பி ஒவ்வொரு காலும் அம்மிக்கல் கனம் கனக்கும். பத்தடியில் செருப்பு இரண்டும் புதைந்துகொள்ள, அவர் முழங்கால் மடங்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். ஆட்டுக்காரிகள் இரண்டு பேர் சுற்றி நின்று சத்தம் போட, ஊர் கூடிவிட்டது. போலீஸ்காரர்கள் வந்து அவரைக் கிழங்கு பிடுங்குவது போலப் பிடுங்கி எடுத்தார்கள். ஸ்டேஷனுக்கு நடந்தே போனார் என்பதில் மட்டும் கதைக்கும் உண்மைக்கும் வித்தியாசமில்லை. கையில் விலங்கு இருந்தது, வெற்றிலை இல்லை.

ஆள் மாறி வெட்டினவன் என்று தெரிந்தால் ஜெயிலில் சமையற்கட்டுக்காரன்கூட மதிக்கமாட்டான். முதலாளிக்கும் அசிங்கம். ஆகவே முத்துமணி செத்த பிறகு ரவுடியானான். ஆட்டைக்கூட அதட்டத் தெரியாதவனுக்கு 'முரட்டு' என்று அடைமொழி வந்தது. மண்வெட்டி வீச்சரிவாள் ஆனது. தூத்தல் உச்சி வெயிலானது. அன்றைக்கு நனைந்துகொண்டு கூடி நின்றவர்களும் நாளாவட்டத்தில் வெயிலைத்தான் பார்த்ததாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். முதலாளிக்கும் இசக்கிமுருகனுக்கும் மறுவருஷமே சமாதானமாகி, பிள்ளையைக் கொடுத்துப் பெண்ணை எடுத்துச் சம்பந்தியும் ஆனார்கள். கல்யாணத்துக்குப் போட்ட கடம்பூர் போளியில் ஒரு பொட்டலம் ஜெயிலுக்கும் வந்தது. சாமித்துரை சாப்பிட்டார். நெய் தாராளமாகத்தான் விட்டிருந்தார்கள்.

வெயிலுகந்தம்மாள் அன்றைக்கே எல்லாரிடமும் சொன்னாள். அவிய கையில் மண்வெட்டிதான் இருந்துது, தலையில் சாக்கு இருந்துது, வெட்டு முதுகில் இருந்துது என்று சொன்னாள். கேட்கத்தான் ஆளில்லை. பிறகு அவளும் சொல்வதை விட்டுவிட்டாள். ஒரே மகள் மாரிசெல்விக்கு வந்த மாப்பிள்ளைகளெல்லாம் தகப்பன் பெயரைக் கேட்டதும், ரவுடி வீட்டில் பெண்ணெடுத்தால் நாளைக்கு வம்பு வரும் என்று திரும்பிப் போனார்கள். கடைசியில் அவள் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய், அங்கேயே யாரோ ஒரு நல்லவனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்துக்குச் சொந்தம் என்று தாய் மட்டும்தான் போனாள். கொன்றவனுக்கு ஊரில் டீயும் பெஞ்சும். செத்தவன் மகளுக்கு ஊரே இல்லை. சினிமாக்காரர்களுக்கு இந்தப் பகுதி தெரியாது. தெரிந்திருந்தாலும் இதில் பாட்டு வைக்க இடமில்லை.

வெட்டுக் காட்சியை அதே இடத்தில்தான் எடுக்கவேண்டும் என்று ஐஸ்வர்யாவுக்குப் பிடிவாதம். இசக்கிமுருகன் செத்தபிறகு அந்தத் தோட்டத்தைப் பிள்ளைகள் விற்றுப்போட்டு, அங்கே இப்போது காற்றாலை நிற்கிறது. மிச்சம் இருப்பது பக்கத்திலிருக்கும் முத்துமணியின் புஞ்சை. ஐஸ்வர்யா தயங்கித் தயங்கி வெயிலுகந்தம்மாளிடம் போய்க் கேட்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று கூடப் போனவர்கள் எதிர்பார்த்தார்கள். அவள் ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டே, எடுத்துக்கோங்க என்றுவிட்டாள். வாடகை எதுவும் வேண்டாம், தன் சொல் ஒன்றைக் கேட்டால் போதும் என்றாள்.

"அன்னைக்குத் தூத்தல் விழுந்துச்சு. அதே மாதிரி மழை பெய்யணும். காட்டுல நிக்க அத்தன பேரும் சாக்குப் போட்டிருக்கணும்."

இதைக் கேட்டு சாமித்துரைக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரையை மீறி ஏறிவிட்டது. கதை ஆலோசகர் என்கிற முறையில் கண்டித்தார். அது சித்திரை மாசம், தரை வெடித்துக் கிடந்தது, ஒரு பொட்டு மழை இல்லை, அந்தப் பொம்பளைக்கு வயசாகிப் புத்தி தடுமாறுகிறது என்றார். ஐஸ்வர்யா யாரை நம்புவது என்று தெரியாமல் நின்றாள். நல்லவேளையாகக் கேமராமேன் இருந்தார். மழையில் எடுத்தால் கரிசல் மண் படத்தில் அற்புதமாக வரும் என்றார். அதோடு மழை முடிவாயிற்று. முப்பத்தைந்து வருஷம் ஒரு பெண் சொல்லி எடுபடாத உண்மை, பார்க்க அழகாயிருக்கும் என்பதால் ஒரே நிமிஷத்தில் எடுபட்டது.

அன்றிலிருந்து சாமித்துரைக்குத் தூக்கம் போயிற்று. சாக்குப் போட்ட முதுகு ஒன்று படத்தில் வந்துவிட்டால், ஊரில் எவனாவது ஒருத்தனுக்கு மூளை வேலை செய்யாதா? டீக்கடையில் எழுந்து நிற்கிறவன் ஒருநாள் உட்கார்ந்தபடியே இருந்துவிட்டால்? அதைவிட, சந்தனமாரி என்ன நினைப்பாள்? உச்சி வெயில், உச்சி வெயில் என்று மந்திரம் போலச் சொல்லிக்கொண்டு படுத்திருந்தார்.

படப்பிடிப்பு அன்று மழை, டேங்கர் லாரியில் வந்தது. ஊருக்குக் குடிதண்ணீர் வந்து ஒரு வாரமாயிருந்தது. லாரியைப் பார்த்ததும் பெண்கள் பிளாஸ்டிக் குடங்களோடு ஓடிவந்துவிட்டார்கள். இது குடிக்கிற தண்ணீர் இல்லை, மழைத் தண்ணீர் என்று ஒரு உதவி இயக்குநர் மைக்கில் விளக்கினார். மழை பெய்வதற்குள் மழை தீர்ந்துவிடும் போலிருந்தது. கடைசியில் ஆளுக்கு ஒரு குடம் கொடுத்துச் சமாதானம் செய்தார்கள். இளவயது சாமித்துரையாக நடிக்கவந்த நாயகருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது. வயிற்றைக் கட்டி, விக்கு வைத்து, இருபத்தைந்து வயசாக்கிக் கொண்டுவந்திருந்தார்கள். காட்டில் வேலை செய்கிற ஆட்களாக நிற்க ஊர்க்காரர்களையே பிடித்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவே முத்துமணியாக ஒரு நடிகர். முத்துமணிக்குப் பெரிய மீசை ஒட்டி, கழுத்தில் சிவப்புத் துண்டு சுற்றியிருந்தார்கள். ரவுடி என்றால் ஒரு அடையாளம் வேண்டாமா?

சாமித்துரை பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சந்தனமாரி. வரப்புக்கு அந்தப் பக்கம் வெயிலுகந்தம்மாள் மடியில் போனை வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டிருந்தாள். அவள் யாரையும் பார்க்கவில்லை.

குழாயைத் திறந்தார்கள். மழை விழுந்தது. ஊர்க்காரர்களுக்கு நடிப்பு தேவைப்படவில்லை. முதல் சொட்டு தலையில் விழுந்ததும் எல்லாக் கைகளும் தானாகச் சாக்கை எடுத்து மூலையைத் திணித்து மாட்டிக்கொண்டன. எல்லோரும் குனிந்து மண்ணைக் கொத்தினார்கள். முத்துமணி நடிகரும் சாக்கை மாட்டிக்கொண்டு குனிந்தார்; நாயகர் வந்ததும் அவர் நிமிர்ந்து வீச்சரிவாளோடு மறிப்பதாக ஏற்பாடு. மீசையும் சிவப்புத் துண்டும் சாக்குக்குள் போய்விட்டன. நாயகர் அட்டை அரிவாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். வந்து, நின்று, இந்த முதுகைப் பார்த்தார், அந்த முதுகைப் பார்த்தார். ஒருவரும் நிமிராததால் ஒரு முதுகைத் தேர்ந்தெடுத்து வெட்டினார். வெட்டுப்பட்டவர் திரும்பினார். அது தீப்பெட்டி ஆபீஸ் வாட்ச்மேன் மாரிச்சாமி.

"யண்ணே, நான் இல்ல. அவரு அங்கன நிக்காரு" என்று மாரிச்சாமி கையைக் காட்டினார்.

காடே சிரித்தது. நாயகர் சிரித்தார், கேமராமேன் சிரித்தார், குடத்தோடு நின்ற பெண்கள் தண்ணீர் தளும்பச் சிரித்தார்கள். சந்தனமாரிகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காதவர்கள் இரண்டே பேர்தான். ஒருத்தி வரப்பில் உட்கார்ந்திருந்தாள். இன்னொருவர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

ஐஸ்வர்யா சிரித்துக்கொண்டேதான் வந்தாள். சாமித்துரை முன்னால் வந்து நிற்கும்போது அவள் முகத்தில் சிரிப்பு குறைந்திருந்தது. கெட்டிக்காரப் பெண். அவளுக்குள் ஏதோ ஒன்று இடறியிருக்கவேண்டும்.

"சார், ஒரு சந்தேகம். எல்லாருமே ஒரே மாதிரிதானே இருக்காங்க. அன்னைக்கு நீங்க அவரை எப்படி அடையாளம் கண்டுபிடிச்சீங்க?"

சாமித்துரை வாயைத் திறந்தார். "உச்சி வெயில்..." என்று ஆரம்பித்தார். காற்றில் இந்தப் பக்கமும் அடித்த டேங்கர் மழையில் அவர் தலையிலிருந்து நீர் சொட்டி, மீசை மை கரைந்து வெள்ளைச் சட்டையில் கறுப்பாக வடிந்துகொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு மறுபடியும் சொன்னார். அவர் காதுக்கே அது நன்றாக விழவில்லை.

வரப்பிலிருந்து வெயிலுகந்தம்மாள் எழுந்து வந்தாள். முப்பத்தைந்து வருஷமாக அவள் அவரிடம் ஒரு சொல் பேசியதில்லை.

"அண்ணாச்சி, அந்தப் புள்ள கேக்குதுல்லா. சொல்லுங்க."

அண்ணாச்சி. அவளுடைய புருஷனும் அதைத்தான் சொன்னான். அதே மண், அதே சாக்கு வாடை, அதே சொல். சாமித்துரைக்கு எதிரே நின்ற சாக்குகளெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி முகம் காட்டப்போவது போலிருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. வாழ்க்கையில் அவர் உண்மையாகவே பயந்தது இரண்டு தடவை, இரண்டும் இதே காட்டில்.

"அடையாளம் கண்டுபிடிக்கல" என்றார்.

யாருக்கும் கேட்கவில்லை. ஒருவர் ஓடிப்போய்க் குழாயை மூடினார். மழை நின்றது.

"முதுகத்தான் பாத்தேன். சாக்குப் போட்டிருந்துது. இசக்கிமுருகன்னு நெனச்சு வெட்டிட்டேன். திரும்பி, அண்ணாச்சி நாந்தான் முத்துமணின்னு பேரச் சொன்னான். அவன் ரவுடி இல்ல. அவன் கையில மம்பட்டிதான் இருந்துது. அடுத்தவன் காட்டுக்குத் தண்ணி வெட்டிவிட்டுக்கிட்டு நின்னான்."

அவ்வளவுதான். முப்பத்தைந்து வருஷம் சுமந்ததைச் சொல்லிமுடிக்க ஒரு டீ ஆறுகிற நேரம்கூட ஆகவில்லை. ஊர்க்காரர்கள் சாக்கைக் கழற்றாமல் நின்றார்கள். முதலில் வாய் திறந்தவர் நாயகர்தான். தவறி வெட்டியது வேறு, கதையிலேயே முதுகில் வெட்டுவதெல்லாம் தன்னால் செய்யமுடியாது, அதுவும் ஆள் மாறி வெட்டினால் ரசிகர்கள் தியேட்டரில் திரையைக் கிழித்துவிடுவார்கள், பழைய கதையே நல்ல கதை என்று அவர் ஐஸ்வர்யாவிடம் தாழ்ந்த குரலில் எடுத்துச் சொன்னார். வேண்டுமானால் பெரியவர் சொன்னதைத் தன்னடக்கம் என்று ஒரு வசனமாக வைத்துக்கொள்ளலாம் என்று உதவி இயக்குநர் யோசனை சொன்னார். இருவர் சொன்னதும் ஐஸ்வர்யாவின் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. அவள் வெயிலுகந்தம்மாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயிலுகந்தம்மாள் கையிலிருந்த போனை வாய்க்கருகே தூக்கினாள். அது வெகுநேரமாக யாருடனோ தொடர்பில்தான் இருந்திருக்கிறது.

"கேட்டியாட்டி, மாரிசெல்வி? சாமித்துரை சொல்லிட்டான். அவன் வாயாலயே சொல்லிட்டான்."

அண்ணாச்சி என்ற சொல்லின் வேலை முடிந்துவிட்டது. போனுக்குள்ளிருந்து தையல் மிஷின்கள் ஓடுகிற இரைச்சல் மட்டும் வந்தது. பிறகு அந்த இரைச்சலுக்குள் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. வெயிலுகந்தம்மாள் "அழாதட்டி" என்று சொல்லவில்லை. அழட்டும் என்று பிடித்துக்கொண்டு நின்றாள்.

சாமித்துரை பக்கத்தில் திரும்பினார். சந்தனமாரி நாற்காலியை விட்டு எழுந்திருந்தாள். அவளிடம் ஏதாவது கேலி இருக்கும், அதைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று அவர் முகத்தைப் பார்த்தார். கேலி ஒன்றும் இல்லை.

"அவ புருசன் ஒங்கள வெட்ட வந்தான்னுல்லா நான் அவகிட்ட பேசாம இருந்தேன்" என்றாள். "அந்தப் புள்ள மாரிசெல்வி சின்னதுல நம்ம வாசலுக்குத் தண்ணி கேட்டு வந்துச்சு. ரவுடி மகளுக்கு இங்கன தண்ணி இல்லன்னு நாந்தான் வெரட்டுனேன்."

சொல்லிவிட்டு அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மழையில் நனைந்த கரிசக்காட்டில் நடக்கத் தெரிந்தவள். நேராக வெயிலுகந்தம்மாளை நோக்கி நடந்தாள். அவள் ஏற்றுக்கொள்வாளா, காறித் துப்புவாளா என்று யாருக்கும் தெரியாது, சந்தனமாரிக்கும் தெரியாது. ஆனாலும் நடந்தாள்.

"ஏட்டி, நில்லு" என்று சாமித்துரை எழுந்து பின்னாலேயே கிளம்பினார். இரண்டாவது எட்டிலேயே செருப்பு புதைந்தது. இழுத்தார். வரவில்லை. மற்றக் காலை ஊன்றினார், அதுவும் புதைந்தது. முழங்கால் மடங்கி, வெள்ளைச் சட்டையோடு அதே கரிசலில் உட்கார்ந்துவிட்டார். சுற்றிலும் கொங்காணி போட்ட ஊர்க்காரர்கள் அப்படியே நின்றார்கள். தூக்கிவிட ஒருத்தரும் கை நீட்டவில்லை. கேமராமேன் மட்டும் ஓசைப்படாமல் கேமராவை அவர் பக்கம் திருப்பினார். கரிசல் மண் அற்புதமாகத்தான் வந்தது.